மேலே கிளாஸ் துணி, உள்ளே இற்றுப்போன பலகை

படகைக் கவிழ்த்துப் போட்டு, சுத்தியலின் கைப்பிடியால் அடிப்பலகையைத் தட்டிக்கொண்டே போனேன். டக், டக், டக். வருடாவருடம் பெயிண்ட் அடிக்கும் முன் செய்கிற சடங்கு. மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அந்த இடத்துல மட்டும் சத்தம் வேற மாதிரி இருக்கு."

எனக்குக் கேட்கவில்லை. கேட்க மனசில்லை என்றும் சொல்லலாம். அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, ஒரு முக்கால் மீட்டர் பின்னால், நடுத்தண்டுக்கு இடப்பக்கம். திரும்பத் தட்டினேன். டொப். ஒரு சாண் தள்ளித் தட்டினால் டக். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், லேசாக உள்ளே போனது. மேலே பெயிண்டில் ஒரு கீறல்கூட இல்லை. மகள் முகம் அதில் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு.

இந்தப் படகை நானே கட்டி 13 வருடம் ஆகிறது. 4.7 மீட்டர் நீளம், ஒற்றைப் பாய்மரம், ஒக்கூமே என்ற லேசான மரத்தில் செய்த 6 மி.மீ. மரைன் பிளைவுட். பலகைகளை வரைபடப்படி அறுத்து, விளிம்புகளில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, மூலைகளில் எபாக்ஸிப் பசையை (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் பசை) வழித்து, அதன்மேல் கண்ணாடி இழை நாடா ஒட்டுகிற முறை. வங்குகள் என்கிற குறுக்குச் சட்டங்கள் கிடையாது, பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து கிடையாது, உடம்பில் ஆணி கிடையாது. வெளிப்பக்கம் முழுவதும் சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள கிளாஸ் துணி, அதாவது கண்ணாடி இழைத் துணி, ஒரு சுற்று. உள்பக்கம் துணி இல்லை. எபாக்ஸி மூன்று பூச்சு, அதற்கு மேல் பெயிண்ட். மூன்று பூச்சு என்று எழுதும்போதே கை கூசுகிறது, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

"பிளைவுட்டா? எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இரண்டு. ஒன்று, பிரிட்டனில் 1963-ல் வந்த மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு. ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னெலும் வடிவமைத்தது, இதே தைத்து ஒட்டும் முறை. எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். ஆரம்பகாலப் படகுகளில் நாடாவை ஒட்டியது பாலியெஸ்டர் ரெசினில். மரத்தைப் பிடித்துக்கொள்வதில் அது எபாக்ஸிக்குக் கிட்டவே வராது. பழைய பாலியெஸ்டர் வேலைகளில் நாடா தோல் உரிகிற மாதிரி உரிந்து வரும். அப்படியும் அந்தப் படகுகளில் நிறைய இன்னும் ஓடுகின்றன. இரண்டாவது, அமெரிக்காவில் மிஷிகனில் கூஜன் சகோதரர்கள் 1970-ல் இறக்கிய 35 அடி ட்ரைமரன் (மூன்று உடல் கொண்ட படகு) 'அடாஜியோ'. மரத்தை முழுக்க எபாக்ஸியால் ஒட்டி, முழுக்க எபாக்ஸியால் மூடிக் கட்டியது. பல பத்தாண்டுகள் பந்தயத்தில் ஓடியது.

இந்த இரண்டையும் சொல்லிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தவன்தான் இப்போது டொப் சத்தத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் எல்லை கட்டினேன். தட்டிக்கொண்டே, சத்தம் மாறும் இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு நீள்வட்டம், படகின் நீளவாக்கில் நீண்டது. இது எதிர்பார்த்ததுதான். மரத்தில் தண்ணீர் நார் ஓடும் திசையில்தான் வேகமாகப் போகும், பக்கவாட்டில் மெதுவாக. என் பலகையின் மேல்நார் நீளவாக்கில் ஓடுகிறது.

ஈரம் காட்டும் கருவி ஒன்று வைத்திருக்கிறேன். பெயிண்டுக்கும் துணிக்கும் மேலே வைத்தால் அது சொல்வதை நான் நம்புவதில்லை. ஒரு சின்ன ட்ரில்லால் 3 மி.மீ. துளை போட்டுப் பார்த்தேன். நல்ல இடத்தில் வெளிர் ரோஸ் நிறத்தில் உலர்ந்த சுருள் வரும். இங்கே காபிப்பொடி நிறத்தில் ஈரமாக, பிசுக்கென்று வந்தது. துளையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் எட்டிப் பார்த்தது.

பெயிண்டைச் சுரண்டிவிட்டு ஹீட் கன் பிடித்தேன். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரியைத் தாண்டினால் இளகும். அகல உளியை அடியில் செருகி நெம்பினால் துணி துண்டாக எழும்பும். படகு எனக்குச் சொன்ன முதல் விஷயம் இங்கேதான். நல்ல பலகை இருந்த இடத்தில் துணி சும்மா வரவில்லை. மரத்தின் மேல்நாரைப் பிய்த்துக்கொண்டுதான் வந்தது. 13 வருடம் கழித்தும் பசை விடவில்லை, மரம்தான் விட்டது. அழுகிய இடத்தில் துணி காகிதம்போல வந்துவிட்டது, ஏனென்றால் அது பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை.

துணிக்குக் கீழே பார்த்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். பலகை ஐந்து அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே கருஞ்சிவப்பாகப் பசைக்கோடு. மரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, விரலில் தேய்த்தால் மாவாகப் போனது. ஆனால் பசைக்கோடுகள் அப்படியே இருந்தன! மரத்தூளை ஊதித் தள்ளினால் மெல்லிய தாள்கள் நாலு, அச்சடித்து நடுவில் எழுத்து கரைந்துபோன புத்தகம் மாதிரி. படகு கட்டும் முன் இதே பலகையில் ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு வேகவைத்துப் பார்த்தேன். அடுக்கு பிரியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சோதனை பசையைப் பற்றியது. மரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. பலகையில் பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் மரைன் பிளைவுட் தர முத்திரை இருந்தால் பசை நீரில் கரையாது, நடு அடுக்கில் பொந்து இருக்காது என்று நம்பலாம். ஒக்கூமேவுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் சக்தி மிகக் குறைவு என்பது வேறு கதை. எடை குறைவு, நன்றாக வளையும், எபாக்ஸியை நன்றாகக் குடிக்கும். அதற்காகத்தான் அதை எடுக்கிறோம்.

அறுத்தெடுத்த துண்டுகளில் இரண்டை எடுத்து, ரெசினையெல்லாம் சுரண்டி, எடை போட்டேன். வேலைக்கென்றே ஒதுக்கிய பழைய அவனில் 103 டிகிரியில், எடை இறங்குவது நிற்கும்வரை வைத்தேன். அழுகலின் ஓரத்துத் துண்டு 86 கிராமிலிருந்து 61-க்கு வந்தது. இழந்த 25 கிராமை உலர் எடை 61-ஆல் வகுத்தால் 41 சதவீத ஈரம். அரை மீட்டர் தள்ளி எடுத்த நல்ல துண்டு 54-லிருந்து 48, அதாவது 12.5 சதவீதம். மரத்தை அழுக்கும் பூஞ்சைக்கு ஏறத்தாழ 30 சதவீத ஈரம் கிடைத்தால் கொண்டாட்டம். 20-க்குக் கீழே வைத்திருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. ஒரே பலகை, ஒரே துணி, ஒரே பெயிண்ட், வெளியே ஒரே கடல்தண்ணீர். அரை மீட்டரில் இவ்வளவு வித்தியாசம் என்றால் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது அந்த இடத்தில்? முன்பக்கக் காற்று அறை. படகு கவிழ்ந்தால் மிதப்பதற்காக அடைத்துவைத்த அறை. அதற்கு 15 செ.மீ. வட்ட மூடி ஒன்று உண்டு. வருடம் முழுக்க இறுக்கி மூடியே வைத்திருப்பேன், தண்ணீர் புகக்கூடாது பாருங்கள்!

மூடியைத் திறந்து மொபைலை உள்ளே விட்டுப் படமெடுத்தேன். மேல்தளத்தின் அடிப்பக்கத்தில், கயிறு கட்டும் கிளீட்டின் நேர் கீழே, கறுப்பாக ஒரு ஒழுக்குத் தடம். அது தடுப்புப்பலகை வழியே இறங்கி அடிப்பலகையில் முடிகிறது. அந்தக் கிளீட்டை எப்போது மாட்டினேன் என்று உடனே ஞாபகம் வந்தது. படகு இறக்குவதற்கு முந்தைய இரவு. நாலு ஸ்க்ரூ. எபாக்ஸி கலக்கச் சோம்பல்பட்டு, சிலிகானைப் பீய்ச்சி நேராகப் பலகையிலேயே முடுக்கிவிட்டேன். கயிறு இழுக்க இழுக்கக் கிளீட் துளி ஆடியிருக்கிறது, சிலிகான் விட்டிருக்கிறது, மழைநீர் ஸ்க்ரூவின் மரை வழியே இறங்கியிருக்கிறது. வேறு எந்தச் சேதத்துக்கும் நான் யாரையாவது கைகாட்டலாம், இதற்கு முடியாது.

கை கூசுகிறது என்றேனே, அந்த மூன்று பூச்சு. காற்று அறையின் உள்ளே ஒரு பூச்சுதான். அடைத்த பிறகு யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டதை மெல்லிய, மங்கலான அந்த ஒற்றைப் பூச்சு இப்போது காட்டிக்கொடுத்தது. எபாக்ஸியின் முதல் பூச்சைப் பெரும்பாலும் மரம் குடித்துவிடும். மேலே நிற்கிற படலம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் உருவாகும். ஒற்றைப் பூச்சு ஈரத்தைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வெளியே 200 கிராம் துணியும் மூன்று நான்கு பூச்சும் வாட்டர்டேங்க் சுவர் மாதிரி நின்றதால் உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியும் இல்லை. அதிலும் மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிழைக்காது. மரப்படகுகள் கடலில் கிடந்து அழுகுவதைவிட மழையில் நனைந்து அழுகுவதுதான் அதிகம் என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான்.

சிலர் இந்த மாதிரி இடத்தில் துளை போட்டு, நீர்த்த எபாக்ஸியை ஊசியால் ஏற்றி மூடிவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஈர மரத்தில் எபாக்ஸி ஊறாது. கரைப்பான் கலந்து நீர்க்கவைத்தால் அது ஆவியாகும்போது படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விட்டுப்போகும். ஊறினாலும் கிடைப்பது மாவை ஒட்டிய கட்டி, நார் ஓடும் பலகை அல்ல. வெட்டுவதே நல்லது.

ஊசியால் குத்தினால் உறுதியாகத் தடுக்கும் மரம் வரும்வரை வெட்டினேன். அதற்கு மேல் நாருக்குக் குறுக்கே மூன்று விரற்கடை, நார் ஓடும் திசையில் ஒரு சாண். கடைசியில் ஓட்டை 38 × 24 செ.மீ. பார்க்கக் கொடுமையாக இருந்தது. ஓட்டையைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு சின்ன ஃபேன் ஓடவிட்டு மூன்று வாரம் விட்டேன். வெட்டிய விளிம்பில் கருவியின் முள் 13-ல் நின்ற பிறகுதான் ரெசின் டப்பாவைத் திறந்தேன். அசிட்டோன் ஊற்றினால் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள். மேற்பரப்பில் பளிச்சென்று உலர்ந்த மாதிரி தெரியும், உள்ளே அப்படியே இருக்கும். பொறுமைக்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஓட்டை பெரிதானதில் ஒரு நன்மை, காற்று அறைக்குள் தோள்வரை கை போனது. ஒட்டு போட்டு மூடும் முன்னால் உள்பக்கம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, 13 வருடம் முன்னால் விட்ட இரண்டு பூச்சையும் அடித்தேன்.

இங்கே ஒரு சறுக்கல். காலையில் பத்து மணிக்குப் பூசினேன், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தில் வெட்டிய விளிம்பைச் சுற்றி வெறும் மரம் இருந்த இடமெல்லாம் ஊசிமுனைக் குமிழிகள். மரம் சூடாகும்போது அதற்குள் இருக்கும் காற்று விரிந்து, இளகிய ரெசின் வழியே வெளியே வரப் பார்க்கும். ஒவ்வொரு குமிழியும் ஒரு துளை. தேய்த்துவிட்டு, அடுத்த பூச்சை மாலையில் வெப்பம் இறங்கும்போது போட்டேன். அப்போது மரம் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே ரெசினையும் இழுத்துக்கொள்ளும். படித்துத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் காலையில் பூசினேன்.

ஒட்டுக்கு விளிம்பைச் சரிவாக்க வேண்டும், கனத்துக்கு எட்டு மடங்கு. 6 மி.மீ.க்கு 48 மி.மீ. சரிவு வெளிப்பக்கம் விரிகிற மாதிரி. அதனால் வெளியே ஓட்டை ஏறத்தாழ 48 × 34 செ.மீ. ஆகிவிடும், ஒட்டுப்பலகை பாட்டில் மூடித் தக்கைபோல வெளியிலிருந்து வந்து உட்காரும். அளவு பார்க்க ஸ்கேல் தேவையில்லை, பிளைவுட்டே காட்டிக்கொடுக்கும். சரிவில் ஐந்து அடுக்கும் வரிவரியாகத் தெரியும். வரிகள் நேராக, ஒரே அகலத்தில் ஓடினால் சரிவு சரி. ஒரு வரி வீங்கினால் அங்கே சரிவு தட்டை, ஒடுங்கினால் செங்குத்து. முதலில் கிரைண்டரால் தோராயமாக இறக்கி, பிறகு கட்டையில் சுற்றிய 80-ஆம் எண் உப்புத்தாளால் கையாலேயே முடித்தேன். ஓட்டைக்கும் ஒட்டுக்குமாகச் சேர்த்து ஒரு நாள் முழுதும் போனது. இந்த வேலையில் எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

ஒட்டுப்பலகையின் உள்பக்கத்துக்கு முன்கூட்டியே மூன்று பூச்சு, சரிவை மட்டும் விட்டு. ஒட்டும்போது இரண்டு சரிவுக்கும் முதலில் வெறும் எபாக்ஸி. குறுக்கு வெட்டு நார் அதை உறிஞ்சும். இருபது நிமிடம் கழித்து வறண்ட இடத்தில் திரும்பவும் தடவினேன். அதன்மேல் சிலிக்காத் தூளும் மரத்தூளும் கலந்து புட்டிப் பதத்தில் கெட்டியாக்கியது. முதல் நனைப்பைத் தவிர்த்தால் கெட்டிப் பசையில் உள்ள ரெசினை மரம் உறிஞ்சி, நடுவில் வெறும் தூள்தான் மிஞ்சும். மைக்ரோபலூன் என்கிற உள்ளீடற்ற நுண்உருண்டைத் தூளை இங்கே கலக்கவே கூடாது. அது மேல்பரப்பைச் சமன் செய்ய, சுலபமாகத் தேய. பாரம் தாங்காது.

படகின் வளைவுக்கு ஏற்ப ஒட்டு உட்கார வேண்டும் என்பதால் மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து மணல் மூட்டைகள் வைத்தேன். கிளாம்ப் போட்டு நசுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். எபாக்ஸிக்கு அழுத்தம் வேண்டாம், தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

மறுநாள் மேலே மெழுகு தடவிய மாதிரி ஒரு வழவழப்பு. ஹார்டனரில் உள்ள அமீன் காற்றிலிருக்கும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து விடுகிற படிவு. தேய்த்தால் அது உப்புத்தாளில் அப்பி, மரத்திலும் பரவும், அடுத்த பூச்சு பிடிக்காது. வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும். கழுவி, துடைத்து, பிறகுதான் தேய்க்க வேண்டும்.

பழைய துணியின் விளிம்பையும் 5 செ.மீ.க்குச் சரிவாக இறக்கி, புதுத் துணி இரண்டு அடுக்கு, இரண்டாவதை 45 டிகிரி திருப்பி. துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுற்று 200 கிராம் துணி படகுக்குப் பெரிய பலம் எதுவும் தருவதில்லை, பலம் பலகையில் இருக்கிறது. மணலில் இழுக்கும்போது தேயாமல் காக்கும். எபாக்ஸிப் படலம் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் நிற்க உதவும், பலகையின் மேல் அடுக்கு வெயிலில் மயிர்க்கோடாக வெடிக்காமல் பிடிக்கும். இவ்வளவுதான். அதுவே 13 வருடம் அடிப்பக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே நான் தட்டிய மற்ற எல்லா இடமும் டக்.

பெயிண்டுக்கு அவசரப்படவில்லை, ஒரு வாரம் இறுகவிட்டேன். எபாக்ஸியை வெயிலில் வெறுமனே விட்டால் புற ஊதாக் கதிரில் மஞ்சளித்துச் சுண்ணாம்பாக உதிரும். அதனால் பெயிண்ட் கட்டாயம், அதுவும் வெளிர் நிறம். கருநீலம் அழகுதான். ஆனால் உச்சிவெயிலில் கருநிறப் பரப்பு ரெசின் இளகத் தொடங்கும் சூட்டை எட்டிவிடும், துணியின் நெசவு மேலே தெரிய ஆரம்பிக்கும்.

கிளீட்டுக்கு வருவோம். நாலு துளையையும் 10 மி.மீ.க்கு அகலப்படுத்தினேன், ஸ்க்ரூ 5 மி.மீ.தான். ஓட்டையின் ஓரம் கறுத்திருந்த மரமெல்லாம் போகும்வரை, ஒன்றில் 14 வரை போக வேண்டியிருந்தது. அடியில் டேப் ஒட்டி, வெறும் எபாக்ஸியால் நனைத்து, பிறகு கெட்டி எபாக்ஸியால் நிரப்பினேன். இறுகியதும் நடுவில் 5 மி.மீ. துளை. இப்போது போல்ட்டைச் சுற்றி ஒரு எபாக்ஸிக் குழாய் இருக்கிறது. மேலே கசிந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. ஸ்க்ரூவுக்குப் பதில் போல்ட், அடியில் தாங்கு பலகை, கிளீட்டுக்குக் கீழே கசிவை அடைக்கும் பியூட்டைல் டேப். நாலு துளைக்கும் சேர்த்து நேரடி வேலை ஒன்றரை மணி நேரம். அடிப்பலகை என்னிடமிருந்து பிடுங்கியது ஏழு வாரம்.

அதே சூட்டில் படகில் இருக்கும் மற்ற துளைகளை எண்ணினேன். 46. கட்டும்போது முறையாக நிரப்பித் துளைத்தது 31, மிச்சம் 15 பின்னால் அவ்வப்போது ஆசைப்பட்டு மாட்டிய கொக்கிகளும் வளையங்களும். பதினைந்தையும் கழற்றினேன். ஆறில் மரம் கறுத்திருந்தது, முப்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை. எட்டு துளைகளை எபாக்ஸியால் அடைத்து அப்படியே விட்டுவிட்டேன், அந்தக் கொக்கிகள் இல்லாமலும் படகு ஓடும்.

காற்று அறையின் மூடி இப்போது படகு கரையில் இருக்கும்போதெல்லாம் திறந்தே இருக்கும். மறந்து மூடாமல் கிளம்பிவிடக்கூடாது என்பதற்காக அதைச் சுக்கான் பிடியோடு கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோம். மகள் யோசனை.

பாக்கி இன்னும் இருக்கிறது. சென்டர்போர்டு (படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் பலகை) கூட்டின் அடிவிளிம்பில் மணல் உரசி உரசித் துணி தேய்ந்து, பலகையின் குறுக்கு நார் விரல் நீளத்துக்கு வெளியே தெரிகிறது. ஊசியால் குத்தினேன், முனை 2 மி.மீ. போய் நின்றது. கொஞ்சம் கறுப்பு, இன்னும் மாவாகவில்லை. உலர வைத்திருக்கிறேன். முள் இன்று காலை 19-ல் நின்றது.